"ரெண்டு பாக்கெட் வெச்சுப் பாருங்க, அண்ணாச்சி!"

மதியம் இரண்டே முக்கால். மதுரை செல்லூரில் ஒரு மளிகைக் கடை. காலைக் கூட்டம் ஓய்ந்து, மாலைக் கூட்டம் இன்னும் வராத நேரம். அண்ணாச்சி சாப்பிட்ட டிபன் கேரியரைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, கல்லாவுக்குப் பின்னால் பழைய பில்களை அடுக்கிக்கொண்டிருக்கிறார். கையில் கட்டைப்பையோடு ஒரு பெண் படியேறுகிறார். வயது நாற்பதை நெருங்கும். பைக்குள் இட்லிப் பொடி, பூண்டுப் பொடி, பருப்புப் பொடி. அவருக்குப் பின்னால், நோட்டுப் புத்தகத்தோடு நான்.

"எங்க பாட்டி கைப்பக்குவம் அண்ணாச்சி. வீட்ல இடிச்ச மாதிரியே இருக்கும். கலர், கெமிக்கல் எதுவும் சேக்கிறதில்ல. என் மகளுக்காகத்தான் மொதல்ல செஞ்சேன், அப்புறம் தெருவுல எல்லாரும்..."

அண்ணாச்சியின் காதில் இது விழுந்ததாகத் தெரியவில்லை. பூண்டுப் பொடி பாக்கெட்டை வாங்கி, முன்பக்கத்தைப் பார்க்காமலே திருப்பினார். தேதி, விலை, எடை. பிறகு இரண்டு கட்டைவிரல்களாலும் பாக்கெட்டின் ஒட்டிய ஓரத்தை அழுத்தினார். காற்று எங்கும் கசியவில்லை. மூக்கருகே கொண்டுபோய் மோந்து பார்த்தார். கவருக்கு வெளியே வாசம் அடித்தால், ஒரு மாதம் கழித்து உள்ளே வாசம் இருக்காது. இது அவர் முப்பது வருஷக் கணக்கு.

"போகலேன்னா திருப்பி எடுத்துக்குவீங்களாம்மா?"

அந்தப் பெண் எச்சில் விழுங்கினார். பாட்டியில் ஆரம்பித்த பேச்சுக்கு இப்படி ஒரு கேள்வி வரும் என்று அவர் எதிர்பார்த்திருக்கவில்லை.

வீட்டில் பொருள் செய்து கடைக்குக் கொடுக்க நினைக்கும் பலரும் இந்த இடத்தில்தான் தடுக்கி விழுகிறார்கள். பொருளைப் பற்றி மணிக்கணக்கில் பேசத் தெரியும். கடையைப் பற்றி ஒரு நிமிஷம்கூட யோசித்திருக்க மாட்டார்கள். கடைக்காரரிடம் நாம் பொடி விற்கிறோம் என்று நினைக்கிறோம். அவர் கண்ணுக்கு விஷயம் வேறு மாதிரித் தெரிகிறது: யாரோ ஒரு அம்மா வந்து, தன் கடையில் முக்கால் அடித் தட்டை வாடகையில்லாமல் கேட்கிறார். அந்த முக்கால் அடியில் இப்போது வேறு ஒன்று உட்கார்ந்திருக்கிறது. அதை எதற்காக எழுப்ப வேண்டும்?

மளிகை வியாபாரத்தில் இதற்கு ஒரு சொல் உண்டு. ஓட்டம். சரக்கு நல்லதா என்று யாரும் கேட்பதில்லை, ஓடுமா என்றுதான் கேட்பார்கள். பொடி பாக்கெட் ஒன்றில் கடைக்காரருக்கு 12 ரூபாய் நிற்கிறது என்று வையுங்கள். பக்கத்தில் இருக்கும் பெரிய கம்பெனி சோப்பில் 3 ரூபாய்தான். புதிதாக வருகிறவர்கள் இந்த 12 ரூபாயைக் காட்டித்தான் ஆசை மூட்டுகிறார்கள். ஆனால் பொடி மாதத்துக்கு நாலு போனால் 48 ரூபாய். சோப்பு வாரத்துக்கு இருபது போனால், நாலு வாரத்தில் 240. அண்ணாச்சி இதைக் காகிதத்தில் போட்டுப் பார்ப்பதில்லை. அவர் கை அந்தத் தட்டைத் துடைக்கும்போது எந்தப் பொருளின் மேல் தூசி படிந்திருக்கிறது என்று அதற்கே தெரியும்.

அப்படியானால் பேரே கேள்விப்படாத ஒரு சரக்குக்கு ஓட்டம் எங்கிருந்து வரும்? தமிழ்நாட்டில் இதற்கான பதில் கடலூரிலிருந்து வந்தது.

1983-ல் சி.கே.ரங்கநாதன் குடும்பத் தொழிலிலிருந்து விலகி, 15,000 ரூபாயோடு தனியாக ஷாம்பு வியாபாரம் தொடங்கினார். அப்பா சின்னிகிருஷ்ணன் நினைவாக ஷாம்புக்கு வைத்த பெயர் சிக். ஷாம்புவைச் சின்னப் பாக்கெட்டில் அடைக்கும் யோசனை அப்பாவுடையது. அதே யோசனையில் வந்த வெல்வெட் ஷாம்பு ஏற்கெனவே கடைகளில் சரம் சரமாகத் தொங்கிக்கொண்டிருந்தது. அது சகோதரர்களின் சரக்கு. அதற்குப் பக்கத்தில் இன்னொரு சரத்தைத் தொங்கவிட எந்தக் கடைக்காரருக்கு என்ன அவசியம்?

ரங்கநாதன் கிராமங்களுக்குப் போனார். ஒரு பையனைக் கூப்பிட்டு, ஊர் முன்னால் தலைக்கு ஷாம்பு போட்டுக் குளிப்பாட்டி, கூடியிருந்தவர்களை அவன் தலைமுடியைத் தொட்டுப் பார்க்கச் சொன்னார்கள், மோந்து பார்க்கச் சொன்னார்கள். ரஜினிகாந்த் படங்களைப் போட்டுக் காட்டி, நடுவில் விளம்பரமும் செய்முறையும் காட்டி, படம் முடிந்து போகிறவர்கள் கையில் ஒரு பாக்கெட் கொடுத்தார்கள். அடுத்து வந்தது காலி பாக்கெட் திட்டம். எந்தக் கம்பெனி ஷாம்புவாக இருந்தாலும் சரி, ஐந்து காலி பாக்கெட் கொண்டுவந்தால் ஒரு சிக் இலவசம். மக்களுக்குப் பெயர் பழகியதும் திட்டத்தைச் சத்தமில்லாமல் மாற்றினார்கள்: இனி ஐந்து காலி பாக்கெட்டும் சிக்காகவே இருக்க வேண்டும். மாதம் 35,000 ரூபாயாக இருந்த விற்பனை 12 லட்சத்துக்குப் போனது என்று ரங்கநாதனே பேட்டியில் சொல்லியிருக்கிறார்.

இதில் எனக்குப் பிடித்த விஷயம் ஒன்று. கடைக்காரரிடம் பேச வேண்டியதை அவர் கடைக்காரரிடம் பேசவே இல்லை. "சிக் இருக்கா?" என்று கேட்கும் வாடிக்கையாளர்களைக் கடைக்கு அனுப்பிவைத்தார். ஒரே நாளில் மூன்று பேர் இல்லாத சரக்கைக் கேட்டுவிட்டால், அடுத்த நாள் கடைக்காரரே சேல்ஸ்மேனுக்குப் போன் போடுவார்.

பொடிக்கார அம்மாவால் ரஜினி படம் போட முடியாதுதான். ஆனால் செல்லூரில் அந்தக் கடையின் பின் தெருவில் அவரிடம் ஏற்கெனவே வாங்கும் பதினைந்து வீடுகள் உண்டு. அதை அவர் அண்ணாச்சியிடம் சொல்லவே இல்லை! பாட்டியைப் பற்றிச் சொன்ன நேரத்தில், "உங்க பின் தெருவுலயே பதினஞ்சு வீட்டுக்கு நான் மாசாமாசம் கொடுக்கிறேன், இனிமே அவங்கள இங்க வந்து வாங்கிக்கச் சொல்றேன்" என்று சொல்லியிருந்தால், அண்ணாச்சி பில் கட்டைக் கீழே வைத்திருப்பார்.

சரி, கடைக்காரர் தலையாட்டிவிட்டார் என்றே வைத்துக்கொள்வோம். அடுத்த பள்ளம் விலையில் இருக்கிறது.

வீட்டில் நேரடியாக விற்கும்போது 100 ரூபாய் பாக்கெட்டுக்கு 100 ரூபாயும் கைக்கு வரும். அதே நினைப்பில் கடைக்குப் போகிறவர்கள்தான் அதிகம். கடையில் கதை வேறு. கவரில் அச்சடித்த விலை 100. கடைக்காரருக்கு 20 விட்டால் அவர் தருவது 80. நடுவில் டிஸ்ட்ரிபியூட்டர் இருந்தால் அவர் உங்களுக்குத் தருவது ஏறக்குறைய 74. அதற்குள்ளேயே 5 சதவீத ஜி.எஸ்.டி. இருந்தால், உங்களுக்கு நிற்பது 70 ரூபாய் சொச்சம். 'பத்து வாங்கினால் ஒன்று ஃப்ரீ' என்று ஸ்கீம் போட்டால் பாக்கெட்டுக்கு 64. இன்னும் ரிட்டர்ன், ஓட்டை விழுந்தது, சாம்பிள் கொடுத்தது, பெட்ரோல் எதுவும் கழியவில்லை. துவரம்பருப்பும் பூண்டும் எள்ளும் கவரும் கரண்டும் சேர்ந்து உங்களுக்கு 55 ரூபாய் ஆகிறதென்றால், எஞ்சிய ஒன்பது ரூபாய்க்குள் உங்கள் உழைப்பு, மகளின் ஸ்கூல் பீஸ் எல்லாம் அடங்க வேண்டும். விற்க விற்க நஷ்டம் கூடும் வியாபாரங்கள் இப்படித்தான் உருவாகின்றன. ஆர்டர் கூடிக்கொண்டே போகும், வீட்டில் நகை குறைந்துகொண்டே போகும்.

அதனால் விலையைக் கடைசியிலிருந்து முன்னுக்குப் போட வேண்டும். தட்டில் பக்கத்தில் இருக்கும் பொடி என்ன விலை, அதிலிருந்து நாம் எவ்வளவு விலகலாம், கடைக்கு எவ்வளவு, நடுவில் யாராவது வந்தால் எவ்வளவு. இதையெல்லாம் கழித்த பிறகு மிஞ்சுகிற தொகையில் பொருளைச் செய்ய முடியுமா? முடியாவிட்டால், 200 கிராமை 150 ஆக்குவதா, கடையையே விட்டுவிட்டு வீடு வீடாகக் கொடுப்பதா என்பதை அங்கேயே முடிவு செய்துவிடலாம். இரண்டாவது வழியில் எந்த அவமானமும் இல்லை. கடைக்கு ஏன் 20 விட வேண்டும் என்கிறீர்களா? பெரிய கம்பெனி கடைக்காரருக்கு எட்டு, பத்து சதவீதத்தோடு நிறுத்திக்கொள்ளும். அதன் சரக்குக்கு விளம்பரம் வாங்கிக் கொடுத்த ஓட்டம் இருக்கிறது. பெயர் தெரியாத சரக்கு அந்த ஓட்டத்துக்குப் பதில் மார்ஜினைத்தான் கொடுத்தாக வேண்டும்.

கிளைகள் வைத்திருக்கும் சூப்பர் மார்க்கெட்டுக்குப் போனால் அண்ணாச்சி இல்லை, பர்ச்சேஸ் மேனேஜர் இருப்பார். புதிதாக வருகிறவர்களைப் பார்க்கவென்று பல இடங்களில் வாரத்தில் ஒரு நாள் ஒதுக்கியிருக்கிறார்கள். வரவேற்பறையில் ஊறுகாய்க்காரர், ஊதுபத்திக்காரர், சிறுதானிய பிஸ்கட்காரர் என்று மடியில் சாம்பிள் பையோடு வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள். உள்ளே கிடைப்பது பத்து நிமிஷம்.

அந்தப் பத்தில் முதல் மூன்று நிமிஷம் காகிதத்துக்குப் போய்விடும். உணவுப் பாதுகாப்பு உரிமத்தின் 14 இலக்க எண், ஜி.எஸ்.டி. எண், பரிசோதனைக்கூட அறிக்கை, பார்கோடு. இந்தியாவில் ஜி.எஸ்.1 அமைப்பில் வாங்கும் பார்கோடு 890-ல் தொடங்கும். (890 இருந்தால் இந்தியத் தயாரிப்பு என்று வாட்ஸ்அப்பில் சுற்றும் தகவலை நம்ப வேண்டாம். எண்ணை இங்கே பதிவு செய்து வாங்கியிருக்கிறார்கள், அவ்வளவுதான்.) பிறகு கவரின் பின்பக்கம். தயாரித்தவர் முகவரி, நிகர எடை, தயாரித்த தேதி, எல்லா வரியும் சேர்ந்த விலை, கிராமுக்கு என்ன விலை, புகார் சொல்ல ஒரு போன் நம்பர். அச்சடித்த விலைக்கு மேல் ஸ்டிக்கர் ஒட்டி விலையை ஏற்றியிருந்தால் பேச்சு அங்கேயே முடிந்தது. எடையளவுத் துறை அதிகாரி வந்தால் தயாரித்தவரோடு கடையும் சேர்ந்து மாட்டும்.

அடுத்த கேள்வி ஆயுசு பற்றியது. "ஆறு மாசம் தாங்கும் சார்" என்றால் போதாது. ஆறு மாச ஆயுசில் இரண்டு மாசத்துக்கு மேல் உங்கள் வீட்டுப் பரணிலேயே போயிருந்தால் அவர் எடுக்க மாட்டார். சரக்கு கடைக்கு வந்து சேரும்போது ஆயுசில் மூன்றில் இரண்டு பங்காவது மிச்சம் இருக்க வேண்டும் என்பது பரவலான வழக்கம். ஆன்லைனில் இதற்கு இன்னொரு கணக்கு. வாடிக்கையாளர் கைக்குப் போகும்போது ஆயுசில் 30 சதவீதமாவது, அல்லது 45 நாளாவது மீதி இருக்க வேண்டும் என்று உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2024 நவம்பரில் ஆன்லைன் நிறுவனங்களுக்குச் சொல்லிவிட்டது.

ஆயுசு மட்டும் போதாது, சரக்கை அடைக்கும் கவரும் டப்பாவும் தாங்க வேண்டும். அதில் நான் சூடு பட்டவன். கல்லூரி முடித்த கையோடு எட்டு மாதம் ஒரு ஊறுகாய் கம்பெனிக்கு லைன் போனேன். முதலாளி கண்ணாடி பாட்டிலை விட்டு மலிவான பிளாஸ்டிக் டப்பாவுக்கு மாறிய வாரம் அது. திருமங்கலம் பக்கம் ஒரு கடையில் இரண்டு டஜன் எலுமிச்சை இறக்கிவிட்டு வந்தேன். அடுத்த வாரம் போனபோது கடைக்காரர் ஒன்றும் பேசவில்லை. என்னை உள்ளே கூப்பிட்டு, கீழ்த்தட்டைக் காட்டினார். மூடி வழியாகக் கசிந்த எண்ணெய் வழிந்து, கீழே இருந்த பிஸ்கட் பாக்கெட்டுகளெல்லாம் ஊறிப்போயிருந்தன. ஒவ்வொன்றாக எண்ணினார். முப்பத்தொன்று. அதற்கான காசை என் பில்லில் கழித்துக்கொண்டு, என் டப்பாக்களை அவரே அட்டைப்பெட்டியில் அடுக்கி, சணல் கட்டி, பைக் வரைக்கும் தூக்கி வந்து வைத்தார். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். அதற்குப் பிறகு யாராவது புதுப் பொருளைக் காட்டினால் நான் முதலில் செய்வது, அதைத் தலைகீழாகக் கவிழ்த்து ஒரு ராத்திரி வைப்பது.

பர்ச்சேஸ் மேனேஜரின் கடைசிக் கேள்வி, பெரும்பாலும் கேள்வியாகவே வராது. "எங்க பேமென்ட் அறுபது நாள்" என்று தகவல் மாதிரி வரும். சிறு தொழில்காரர்கள் இதைக் கேட்டுத் தலையாட்டிவிட்டு வந்து, வீட்டில் தலையில் கைவைத்துக்கொள்கிறார்கள். சட்டம் அவர்கள் பக்கம் இருக்கிறது. 2006-ஆம் வருஷத்துச் சிறு, குறு தொழில் சட்டப்படி, எழுத்தில் ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாளைத் தாண்டக் கூடாது, ஒப்பந்தம் இல்லையென்றால் 15 நாள். தாண்டினால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு வட்டி, அதுவும் மாதாமாதம் கூட்டு வட்டி. போதாததற்கு வருமான வரிச் சட்டத்தில் 43பி(எச்) என்று ஒரு பிரிவைக் கொண்டுவந்து, உத்யம் என்ற சிறுதொழில் பதிவு உள்ள குறு, சிறு தயாரிப்பாளருக்குக் கெடுவுக்குள் பணம் தராத நிறுவனம் அந்த வருஷம் அந்தத் தொகையைச் செலவாகக் காட்ட முடியாதபடி செய்தார்கள். 2023-24 நிதியாண்டிலிருந்து இது அமலுக்கு வந்தது.

காகிதத்தில் பிரமாதம். ஆனால் ஆர்டர் தருகிறவர் மேல் யார் புகார் கொடுப்பது? கொடுத்தால் வட்டி கிடைக்கும், அடுத்த ஆர்டர் கிடைக்குமா? என்னைக் கேட்டால், இந்தச் சட்டத்தைச் சண்டைக்கு எடுத்துக்கொண்டு போகக் கூடாது, முதல் சந்திப்பிலேயே பேச்சோடு பேச்சாகச் சொல்லிவிட வேண்டும். "சார், எங்களுக்கு உத்யம் இருக்கு. நாப்பத்தஞ்சு நாளுக்குள்ள வந்துட்டா உங்க ஆடிட்டருக்கும் தலைவலி இல்ல" என்று பில்லோடு பதிவுச் சான்றிதழ் நகலையும் வைத்தால், யாரும் முகம் சுளிக்க மாட்டார்கள். அதற்கும் அறுபது நாள்தான் என்றால், அந்தக் கடைக்கு அறுபது நாள் சரக்கு போட நம்மிடம் முதல் இருக்கிறதா என்று வீட்டுக்கு வந்து எண்ணிப் பார்க்க வேண்டியதுதான். மளிகைக் கடை அண்ணாச்சி இந்த விஷயத்தில் எவ்வளவோ மேல். பில்லுக்குப் பில் என்றால் பில்லுக்குப் பில்தான். புதுச் சரக்கு இறங்கும்போது பழைய பில் காசு கைக்கு வந்துவிடும்.

தட்டு கிடைக்காவிட்டால் ஊரே இல்லை என்று நினைப்பதும் தப்பு. 1970-ல் ராயபுரத்தில் 13,000 ரூபாயோடு ஐஸ் போட ஆரம்பித்த ஆர்.ஜி.சந்திரமோகனுக்குச் சென்னைக் கடைகள் எளிதில் திறக்கவில்லை. பெரிய ஐஸ்கிரீம் கம்பெனிகள் அங்கே உட்கார்ந்திருந்தன. அவர் தள்ளுவண்டியில் குச்சி ஐஸ் விற்றார், கல்லூரி கேன்டீன்களைப் பிடித்தார், பிறகு பெரிய கம்பெனிகள் எட்டிப் பார்க்காத சின்ன ஊர்களுக்குப் போய், தன் அருண் ஐஸ்கிரீம் மட்டுமே விற்கும் கடைகளை உள்ளூர்க்காரர்களை வைத்தே திறந்தார். இடம் தர மாட்டேன் என்றவர்களிடம் மன்றாடிக்கொண்டிருக்காமல், கூட்டாளிகளைத் தேடிக்கொண்டார்.

பெங்களூரில் 2005-ல் பி.சி.முஸ்தபாவும் அவருடைய உறவுக்காரச் சகோதரர்களும் மாவு விற்க ஆரம்பித்த கதையில் வேறு பாடம். மளிகைக் கடையில் ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டிய பிளாஸ்டிக் பையில் மாவு விற்பதைச் சகோதரர்களில் ஒருவர் கவனித்திருக்கிறார். அதையே சுத்தமாக, நல்ல கவரில் போட்டுக் கொடுத்தால் என்ன என்பதுதான் 'ஐடி ஃப்ரெஷ்' என்ற மாவு நிறுவனத்தின் ஆரம்பம். தங்கள் பக்கத்துக் கடைகளோடு தொடங்கி, நாளைக்கு 100 பாக்கெட் என்ற எண்ணிக்கையைத் தொடவே ஒன்பது மாதம் ஆனதாம். இன்றைக்குப் பொடியோடு வரும் பலர், ஒன்பதாவது வாரத்திலேயே இருநூறு கடைக்கு டிஸ்ட்ரிபியூட்டர் தேடுகிறார்கள். டிஸ்ட்ரிபியூட்டர் கேட்பதும் அண்ணாச்சி கேட்பதேதான்: இப்போ எத்தனை கடையில ஓடுது? முப்பது கடையை நாமே பிடித்து, பில் புத்தகத்தைக் காட்டி, "இந்த லைனை எடுத்துக்கோங்க" என்றால் அவர் உட்காரச் சொல்லி டீ சொல்வார். வெறும் கையோடு போனால், முன்பணம் இல்லாமல் சரக்கை இறக்கச் சொல்வார்.

பொடிக்கார அம்மாவிடம் திரும்ப வருகிறேன். மூன்று கடை ஏறி இறங்கியதும் வழியில் ஒரு மாவுக் கடை வந்தது. கிரைண்டர் ஓடுகிற சத்தம், ஈர அரிசி வாசம், சாயங்காலத்துக்குப் பாத்திரத்தோடு வரிசை நிற்கப்போகிற கடை. அவர் அதைத் தாண்டி நடந்துகொண்டிருந்தார்.

"இங்க கேக்கலையா?" என்றேன்.

"இது மாவுக் கடைங்க சார். இங்க பொடி யார் வாங்குவா?"

சொல்லி முடிக்கும்போதே அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மாவு வாங்குகிறவர்கள் நாளைக்குக் காலையில் இட்லியோடு எதைத் தொட்டுக்கொள்வார்கள்? உள்ளே போனார். இந்த முறை பாட்டி வரவில்லை. "அண்ணே, உங்க மாவு வாங்கறவங்களுக்கு ஒரு ஸ்பூன் பொடி சின்னக் கவர்ல போட்டு நானே தர்றேன், ஒரு வாரத்துக்குக் காசு வேணாம். கேட்டு வந்தா மட்டும் பாக்கெட் வைங்க" என்றார். மாவுக் கடைக்காரர் கிரைண்டரை நிறுத்தாமலே தலையாட்டினார். தட்டு அங்கே பிரச்சினையே இல்லை, அங்கே தட்டே கிடையாது. எடைத் தராசுக்குப் பக்கத்தில் ஒரு ஆணி இருந்தது.

சேர்ந்து செய்யும் தொழிலுக்கு இப்படிப்பட்ட ஆணிகள் ஊர் முழுக்க இருக்கின்றன. கருப்பட்டிக் காபிக் கடையில் சுக்கு மல்லித் தூள், மெஸ் கல்லாவில் அதே மெஸ்ஸின் பருப்புப் பொடி. மெஸ்காரர் பெயரிலேயே போட்டுக் கொடுக்கச் சொன்னால் கௌரவம் பார்க்க வேண்டாம். பெயர் அவருடையது, ஆனால் மாதா மாதம் நிச்சயமான ஆர்டர் உங்களுடையது. ரயில்வே 2022-லிருந்து நடத்தும் 'ஒரு நிலையம் ஒரு பொருள்' கடைகளில் உள்ளூர்த் தயாரிப்புகளுக்குக் குறைந்த கட்டணத்தில் இடம் உண்டு. மகளிர் குழுவில் இருந்தால் மகளிர் திட்டத்தின் 'மதி' விற்பனை இடங்களைக் கேட்டுப் பார்க்கலாம்.

செல்லூர் அண்ணாச்சி அன்று கடைசியில் ஒரு வகைக்கு ஆறு பாக்கெட் வீதம் வைத்துவிட்டுப் போகச் சொல்லியிருந்தார். காசு விற்றால்தான். "ரெண்டு ரெண்டு வெச்சுப் பாருங்கன்னுதான் கேட்டேன், ஆறு வைக்கச் சொல்லிட்டாரு" என்று அந்த அம்மாவுக்கு அவ்வளவு சந்தோஷம். நான் வாயைத் திறக்கவில்லை. வைக்கச் சொல்வது சுலபம்.

பதினைந்து நாள் கழித்து அதே மதிய நேரம் மறுபடி போனோம். அவர் கையில் கட்டைப்பையோடு ஒரு சின்ன நோட்டும் இருந்தது. பின் தெருவில் பதினைந்து வீட்டுக்கும் சொல்லியிருந்தார். படியேறியதும் நேராகத் தட்டுக்குப் போய் எண்ணினார். பூண்டுப் பொடி ஒன்றுகூட இல்லை. இட்லிப் பொடி இரண்டு மிச்சம். பருப்புப் பொடி ஆறும் வைத்த இடத்திலேயே இருந்தன. முந்தானையால் அவற்றின் தூசியைத் துடைத்தார்.

அண்ணாச்சி கல்லாவைத் திறந்து பத்துப் பாக்கெட்டுக்கான காசை எண்ணி வைத்தார்.

"பூண்டு ஒரு டஜன் போடும்மா. இட்லிப் பொடி நாலு. பருப்ப நீயே எடுத்துட்டுப் போயிரு, அந்த எடத்துலயும் பூண்டையே வெச்சுக்கலாம்."

'எடுத்துக்குவீங்களாம்மா' என்பது 'போடும்மா' ஆகியிருந்ததை அந்த அம்மா கவனித்தாரா தெரியவில்லை. பருப்புப் பொடியைப் பைக்குள் போட்டுவிட்டு, பில் புத்தகத்துக்கு நடுவில் கார்பன் தாளைச் செருகிக்கொண்டிருந்தார்.